பெரியம்மா ஆட்டிய வீடுகள்

பெரியம்மாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டால், வீடுகளை ஆட்டி உடைக்கிற வேலை என்று சொல்லுவேன். டீச்சர்கள் நம்பியதில்லை. பிற்பாடு அவள் நிலநடுக்கப் பொறியியல் மையத்துக்கே இயக்குநரானாள். கட்டட விதிகளை எழுதும் குழுவுக்கும் தலைவியானாள். அப்போதும் என் விளக்கத்தில் பெரிய பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் வகுப்புக் கோடை விடுமுறையில் ஒருநாள், செகந்தராபாத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு பெரிய இரும்பு மேடை. நிலம் ஆடுவதுபோல் அதை இயந்திரம் ஆட்டும். மேடைமேல் என்னைவிடச் சற்றே உயரமாக இரண்டு செங்கல் வீடுகள் நின்றன. ஒன்று சாதாரண வீடு. மற்றதில் ஜன்னலுக்கு மேலும் கூரைக்குக் கீழும், சுவரைச் சுற்றி இடுப்புக்கு பெல்ட் போட்டதுபோல் கான்கிரீட் பட்டை ஓடியது.

இரண்டையும் கட்டியவர் ஒரே மேஸ்திரி. பீகார்க்காரர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஜீடிமெட்லாவில் தங்கியிருந்தார்.

"சாதா வீட்டை, ஊர்ல உங்க வீட்டை எப்படிக் கட்டினீங்களோ அப்படியே கட்டுங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள் பெரியம்மா என்னிடம்.

அரசு வீட்டுத் திட்டத்து அதிகாரிகள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். பட்டையெல்லாம் வீண் வேலை என்பது அவர்கள் கட்சி. உங்கள் வீடும் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று மூத்தவர் கேட்டார். பட்டை வேண்டும் என்று நான்கு வருஷம் உழைத்து எழுதிய அறிக்கையைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்வதாக இங்கிலீஷில் சொல்லிவிட்டு, பெரியம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டியாடி?"

"ஹவ்" என்றேன், எங்கள் ஊர் இந்தியில் ஆமாம் என்று.

மேடை உறுமிக்கொண்டு ஆடத் தொடங்கியது. சாதாரண வீட்டின் மூலைகள் பிளந்தன. ஒரு சுவர் வெளியே சாய்ந்தது. கூரை அப்படியே உள்ளே இறங்கியது. நான் கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன். புழுதி அடங்கியதும் பட்டை போட்ட வீடு சில கீறல்களோடு நின்றது. இப்போது எல்லோரும் தட்டினார்கள். அது விழாததில் எனக்கு வருத்தம்.

மூத்த அதிகாரி கைகொடுக்க வந்தார். அதற்குள் மேஸ்திரி பெரியம்மாவிடம் வந்து நின்றார்.

"மேடம், கித்னா செகண்ட்?"

சாதாரண வீடு விழுமுன் எத்தனை விநாடி நின்றது என்று கேட்கிறார். "நௌ" என்றாள் பெரியம்மா. ஒன்பது.

அவர் கூடத்தின் ஓரமாகப் போய் அடிமேல் அடி வைத்து நடந்தார். ஓரிடத்தில் குனிந்தார், நிமிர்ந்தார், எதையோ சுற்றிக்கொண்டு போவதுபோல் திரும்பினார். மறுபடி முதலிலிருந்து நடந்தார், இம்முறை வேகமாக. விளையாட்டு என்று நினைத்து நானும் பின்னாலேயே போய், அவர் குனிந்த இடத்தில் குனிந்து, இந்தியில் உரக்க எண்ணினேன். பாரா, பன்னிரண்டில், நின்றார். பிறகு பெரியம்மாவிடம் பதினைந்து நாள் லீவு கேட்டார்.

பெரியம்மா சாக்பீஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். கட்டி முடித்த வீட்டுக்கு வெளியிலிருந்தே கம்பி வலை வைத்துப் பட்டை பூசுவது எப்படி என்று வரைந்து காட்டினாள். மேஸ்திரி சந்தேகம் கேட்கக் கேட்க அழித்து அழித்து வரைந்தாள். அதிகாரிகள் டீயோடு காத்திருந்தார்கள். கடைசியில் மூத்தவரும் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டார். எனக்குத்தான் கோபம்; சொன்ன ஐஸ்கிரீமுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அந்த வருஷமே அரசுத் திட்டத்தில் பட்டையும் சேர்ந்தது. மேஸ்திரி லீவு முடிந்து வந்து, அதைப் போடும் விதத்தை மற்ற மேஸ்திரிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வீடுகளை ஆட்டிய அன்று மாலை அம்மாவிடம், பெரியம்மா வீடு ஜெயித்தது, மேஸ்திரி வீடு தோற்றது, ஆனாலும் அவர் என்னோடு விளையாடினார் என்று சொன்னேன். ஊரில் பிள்ளைகள் படுக்கும் கட்டிலிலிருந்து வாசல்வரை அவர் நடந்து பார்த்தார் என்பதோ, நடுவில் குனிந்தது கடைக்குட்டியைத் தூக்கத்தான் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது.