வண்ணத்துப்பூச்சி வீட்டின் வெளிவாசல்

ஊரே குடும்பமாக உல்லாசம் போகிற நாளில்தான் எங்கள் தொழிலில் மூச்சு விட நேரம் இருக்காது. ஞாயிறு, பௌர்ணமிப் போயா, பாடசாலை விடுமுறை எதற்கும் லீவு கேட்க முடியாத என் இனத்தவர்களே, உங்களுக்கு என் நிலைமை புரியும்.

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பூச்சிக் காட்சியகம். வலை போட்ட பெரிய கூடத்துக்குள் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும். அதன் வெளிவாசல் என் பொறுப்பு. போகிறவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகில் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். உட்கார்ந்திருந்தால், அது தானாகப் பறக்கும்வரை கதவைத் திறக்கக்கூடாது. கணவர் கத்தாரில். நானும் மகளும் தெல்தோட்டையில். மூன்று பேருமாக டிக்கெட் எடுத்து ஒருநாள் உள்ளே வரவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

குச்சிப்பூச்சி

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு ஐயா கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று, "வெறும் தடியை வச்சு ஏமாத்துறியள்" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அந்தத் தடியே மெதுவாகக் காலைத் தூக்கியதும் ஓரடி பின்னால் போனார். அவர் மனைவி சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படிக் குறை சொல்லவாவது ஆள் வீட்டில் இருக்கவேண்டுமே! அந்த அம்மா சொன்னது இதுதான்: "ஓம், வீட்டிலயும் உப்பிடித்தான். நான் முன்னால நிண்டாலும் இவருக்குத் தெரியாது."

கறுப்பு அபாயா

அக்குறணையிலிருந்து வந்த குடும்பம். வெளியே போகிற நேரம் பார்த்து, உம்மாவின் அபாயாவில் ஒரு வெள்ளை வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே நிற்கிற வான் வண்டியில் சோற்றுப் பார்சல் ஆறுகிறது என்று வாப்பா அவசரப்படுத்தினார். பிள்ளைகள் ஊதிப் பார்க்கப் போனார்கள், நான் தடுத்தேன். உம்மா மட்டும் தோளை அசைக்கவேயில்லை. "நில்லுங்கொ. ஊட்டுக்குப் போனா ஆளாளுக்கு போன்தான். இப்பதான் எல்லாரும் ஒண்டா என்னப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

தொழில் பழக்கம்

போன தடவை கணவரை வழியனுப்ப விமான நிலையம் போனோம். அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போனதும், என் வாய் தன்பாட்டில் "கொஞ்சம் திரும்புங்க" என்றது. அவரும் திரும்பி நின்றார். அவர் முதுகை, தோளை, காலரை எல்லாம் பார்த்துத் தட்டிவிட்டேன். பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள். கையை எடுக்க எனக்கு மனமே வரவில்லை. அவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "ஒன்னும் ஒட்டியிருக்காது புள்ள. நான் மட்டுந்தான் போறேன்."

டிக்கெட் எடுத்த நாள்

இந்த வருடம் அவர் வந்திருந்தபோது, எப்படியோ ஒரு புதன்கிழமை எனக்கு லீவு கிடைத்தது. மறுநாள் அவருக்கு விமானம். மூன்று பேருமாக உள்ளே போனோம். எல்லாப் பூச்சியையும் மகளே அப்பாவுக்குப் பெயர் சொல்லிக் காட்டினாள். நான் பூச்சியை எங்கே பார்த்தேன், இவர்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று வெளிவாசலில் என் இடத்தில் கூட வேலை செய்கிற சாந்தி நின்றாள். "திரும்புங்கண்ணே" என்றாள். அவர் திரும்பியதும் மகள் பாய்ந்து அவர் முதுகில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சாந்தி அக்கா, அப்பா முதுகுல நான் உக்காந்திருக்கேன். நானா எறங்குற வரைக்கும் கதவத் தொறக்கக் கூடாது!"

எங்கள் வாசல் விதிக்கு எந்த விமானமும் காத்து நின்றதில்லை, ஆனால் சாந்தி அன்று வெகுநேரம் கதவில் கை வைக்கவேயில்லை.