ராகு காலத்தில் வடிந்த கடல்

இப்போது கயாக் என்று அழகாகப் பெயர் சொல்கிறார்கள். நாங்கள் செய்தது துணிப்படகு. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிதில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், லாரிக்குப் போடும் பழைய கான்வாஸை மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, பச்சைப் பெயிண்டை அப்பி, நானும் பக்கத்து வீட்டு நண்பனும் செய்தது. இரண்டு பேர் உட்காரலாம். அவன் முன்னால், நான் பின்னால். பின்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு அவனை வாய் ஓயாமல் திட்ட வசதி என்பான். உண்மைதான், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

தெங்கேராக் கரையில் படகுப் பைத்தியங்கள் எல்லாம் கூடும் வார இறுதி ஒன்று வந்தது. மலாய்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான் ஆள் சேர்த்தவர். அவரவர் செய்த படகைக் கொண்டுவந்து இறக்கி, கடலுக்குள் கம்பு நட்டு மீன் பிடிக்கும் கேலோங் வரை துடுப்புப் போட்டுத் திரும்பவேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. அடுத்தவன் படகைக் குறை சொல்லலாம், அதுதான் சந்தோஷம்.

எங்களுக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. இங்கே பிரஜாவுரிமையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஊரோடு போய்விடலாம் என்று அவன் அப்பா முடிவுகட்டிவிட்டார். அந்த வாரமே கப்பல். மாதக்கணக்கில் செய்த படகில் இரண்டு பேரும் ஒரு தடவைகூடக் கடலில் உட்கார்ந்ததில்லை. பெயிண்டே அப்போதுதான் காய்ந்திருந்தது.

சனிக்கிழமை முழுக்க அவனைப் பெட்டி கட்ட வைத்துவிட்டார்கள். ஞாயிறும் பிற்பகல் ஆகித்தான் விட்டார்கள். படகைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தெங்கேராவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். பின்னாலேயே அவன் அம்மா, கையில் கூடையோடு. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கூடைக்குள் தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம் வழக்கம். படகுக்குச் சக்கரத்துக்கு எங்கே போவது? அத்தை யோசித்துப் பார்த்து, முன்முனைக்கு அடியில் வைத்தார்.

மற்றவர்கள் கேலோங்குக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டது, உடனே இறங்குங்கள் என்று வாத்தியார் மலாயில் சத்தம் போட்டார். அத்தை மணி கேட்டார். நாலரை.

“ராகு காலம் பொறந்திருச்சுய்யா. ஆறு மணிக்கு எறங்குங்க” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு ராகு கையில் கிடைத்திருந்தால் சேற்றில் முக்கி எடுத்திருப்பேன். அவன்தான் என் தோளைத் தொட்டான்.

“விடு மச்சான். அம்மா மனசு நோகவேணாம். தண்ணி எங்க ஓடிரப்போவுது?”

உட்கார்ந்தோம். ஆணியும் பெயிண்டும் தெரிந்த எங்களுக்குக் கடல் தெரியாது. எந்தக் கிழமைக்கு எப்போது ராகு காலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். தெங்கேராக் கடல் எப்போது ஏறும், எவ்வளவு தூரம் இறங்கும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டோம்.

ஆறு மணிக்குக் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, படகைத் தள்ளி எலுமிச்சம்பழத்தையும் நசுக்கியாயிற்று. நிமிர்ந்து பார்த்தால் எதிரே வெறும் சேறு. கடல் அதற்கும் அப்பால் எங்கேயோ கிடந்தது. இழுத்துக்கொண்டு போகலாம் என்றால் சேறு நிறைய சிப்பி ஓடு, கான்வாஸைக் கிழித்துவிடும். இனிமேல் இருட்டிவிடும், யாரையும் விடமாட்டேன் என்று வாத்தியார் கையை விரித்தார்.

அவன் படகைக் கொஞ்ச தூரம் சேற்றில் தள்ளி, முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். “வா மச்சான்” என்றான். நானும் பின்னால் ஏறினேன். இரண்டு பேரும் சேற்றில் துடுப்புப் போட்டோம். கரையில் எல்லாரும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். பிறகு அவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான். எனக்குத் தெரிந்தது அவன் முதுகு மட்டும்தான். அது குலுங்கியது சிரிப்பில் இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்துவிட்டார்.

“நீங்க பத்திரமா போய்ட்டு வரணும்னுதான்யா சொன்னேன். போகவேணாம்னு நான் சொல்லலையே” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இறங்கி அவர் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தேன்.

அந்த வாரமே அவர்கள் கப்பலேறிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. நாங்கள் காத்திருந்தது ஒன்றரை மணி நேரம்தான்.

அடுத்த தடவை கரையில் கூடியபோது தண்ணீர் ஏறும் நேரத்தை வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு தனியாகப் போனேன். முன்னால் ஆள் இல்லாவிட்டால் படகு மூக்கைத் தூக்கிக்கொள்ளும் என்று சொல்லி, அவரே ஒரு சாக்கில் மணலை அள்ளி அவன் இடத்தில் வைத்தார். படகு நன்றாகத்தான் போனது, சொட்டு ஒழுகவில்லை. பாதி வழியில் அலை ஒன்று பக்கவாட்டில் தள்ள, “ஒழுங்கா போடுடா” என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு கேலோங் வரைக்கும், திரும்பி வரும்போதும், நான் வாயே திறக்கவில்லை.