மதினி போன கேத வீடுகள்

மதினி அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் எங்கே? சின்னமனூரில் என் ஜெராக்ஸ் கடையில், ஆதார் நகல் எடுக்க நாலு பேர் நிற்கும்போது. செல்போனை என் பக்கம் நீட்டிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். வந்தவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

உலகத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் தொலைக்காட்சிக்காரர்கள் தேடிப்பிடித்துக் கருத்துக் கேட்கிற பேராசிரியர் அவர். வருசநாட்டில் இலவம்பஞ்சு பொறுக்கி வளர்ந்தவர். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் படிப்பை விடவில்லை. பன்னாட்டுப் பயங்கரவாதத்தை ஆராய்வதாக அவர் சொன்ன அன்றைக்கு எங்கள் அம்மா பதறிப்போய், "ஏத்தா, இத ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத. போலீசு வந்துரப் போறாக" என்றாள். மதினி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

முதல் இரண்டு புத்தகங்களையும் ஆங்கிலத்தில் எழுதினார். இயக்கங்கள் எப்படி ஆள் சேர்க்கின்றன, ஆயுதம் எந்த வழியாக வருகிறது என்று பக்கத்துக்குப் பக்கம் வரைபடங்கள். பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்தார்கள். அவருக்குத்தான் திருப்தியில்லை. "செத்தவுக இதுல எங்கன இருக்காக, சொல்லு? வெறும் எண்ணிக்கையாத்தான இருக்காக" என்று தன் புத்தகத்தைத் தானே திட்டுவார். அதனால் மூன்றாவதைத் தமிழில் எழுதினார். குண்டுவெடிப்பில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளை நாடு நாடாகத் தேடிப்போய் எழுதிய புத்தகம். நான்தான் தட்டச்சு செய்தேன்.

அந்த வீடுகளுக்கு அவர் நம்மூரில் கேதத்துக்கு, துக்கம் விசாரிக்க, போவதுபோலவே போனார். குறிப்பேட்டை வெளியில் எடுக்க மாட்டார். கேள்வி கேட்க மாட்டார். போய்ப் பக்கத்தில் உட்காருவார், அவ்வளவுதான். அவர்களாகப் பேசினால் கேட்பார். எழுதியதை அந்த வீட்டாருக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சரியென்றால்தான் அச்சுக்குப் போகும்.

அன்றைக்குச் செல்போனில் வந்திருந்தது கடல்கடந்த ஒரு துறைமுக நகரத்திலிருந்து வந்த கடிதம். பேருந்து நிறுத்தத்தில் வெடித்த குண்டுக்கு ஒரே மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா எழுதியிருந்தார். "என் மகனைப் பற்றி எதுவும் போடாதீர்கள். நான் அழுது முடித்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனீர்கள். வேண்டியது கிடைத்துவிட்டது, அவ்வளவுதானே?"

"புத்தகம் கெடக்கட்டும் தாயி. பெத்த வயிறு எரியிற வீட்டுல இன்னுங் கொஞ்சம் கொள்ளி வச்சுட்டு வந்துருக்கேனே" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குச் சட்டென்று ஒரு சந்தேகம். "கெளம்புறப்ப என்ன சொன்னீக மதினி?"

"என்னத்தச் சொல்ல? கேத வீட்டுல போயிட்டு வாரேன்னு யாராச்சும் சொல்லுவாகளா?" என்றவர் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார்.

சாவு வீட்டில் வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாகிவிடும். நாம் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடுவோம். மற்ற வீடுகளில் கூட வந்த மொழிபெயர்ப்பாளர் நாலு வார்த்தை சொல்லிச் சமாளித்திருக்கிறார். அன்றைக்கு அந்த மொழிபெயர்ப்பாளர் வண்டி கூப்பிட மதினிக்கு முன்பே தெருவுக்குப் போய்விட்டார். ஊர் உலகமெல்லாம் சுற்றியவர், வருசநாட்டுக்காரியாகவே எழுந்து வந்திருக்கிறார்!

உட்கார்ந்து பதில் எழுதினார். பண்பாடு, சடங்கியல் என்று இரண்டு பக்கம். எனக்கு எரிச்சலாக வந்தது. "அந்தம்மா என்ன பரிச்சையா எழுதப் போகுது? நம்ம வீட்டுல நடந்தத எழுதுங்க" என்றேன். எழுதினார். வாய்க்கால் தண்ணீருக்காக என் அப்பாவும் சித்தப்பாவும் பல வருசம் முகம் பார்க்காமல் இருந்தது, அப்பா செத்த அன்று சித்தப்பாதான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது, பேச்சு வார்த்தை அறுந்த வீட்டுக்கும் கேதத்துக்குப் போகிற எங்கள் வழக்கம், போகும்போது சித்தப்பா சொல்லாமல் போனது, எல்லாம். கடைசியில், "உங்களைப் புண்படுத்திவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் மகன் பெயரை எடுத்துவிடுகிறேன்" என்று முடித்து, அந்த அத்தியாயத்தைத் தானே அழித்தார். அந்தப் புத்தகத்திலேயே அதைவிட நல்ல அத்தியாயம் வேறு இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சத்தமாக வாசி என்றார் மதினி.

"என் மகன் பெயரைப் போடுங்கள். ஒன்று கேட்க வேண்டும். குண்டைச் சுமந்து வந்த பையனும் அன்றைக்கே செத்தான். அவன் அம்மா இருக்கிற தெரு எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு இதுவரை யாரும் போகவில்லை. நான் போனால் அங்கே முதலில் என்ன செய்ய வேண்டும்?"

ஆராய்ச்சிக்கு ஆயுளையே கொடுத்த மதினி என் முகத்தைப் பார்த்தார். "என்னத்தா எழுதட்டும்?"

"ஒண்ணுஞ் செய்ய வேணாம், பக்கத்துல உக்காந்தாப் போதும்னு எழுதுங்க."

எழுதி அனுப்பினார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விமான டிக்கெட் பார்க்கச் சொன்னார்.

"இப்பத்தான வந்தீக? அதுக்குள்ள எங்க?"

"அடிப்போடி, கேதத்துக்கு அந்தம்மாவ ஒத்தையிலயா விடுறது?"