அண்ணையின் மன்றாட்டு

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும் நேரத்துக்குத் தொலைபேசி அடிக்கும். நியூ ஜெர்சியிலிருந்து அண்ணை. அவர்களுடைய பூசையும் அப்போதுதான் முடிந்திருக்கும். நலம் விசாரிப்பு இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். அதன் பிறகு முழுக்க அமெரிக்கா. எந்த நீதிமன்றம் ஆணும் ஆணும் கட்டுவதும் கலியாணம்தான் என்று புது விளக்கம் கொடுத்தது, எந்தப் பள்ளிக்கூடத்தில் செபம் சொல்லக்கூடாது என்று வழக்குப் போட்டார்கள், பிள்ளைகளோடு இருந்து பார்க்கத் தொலைக்காட்சியில் என்ன மிச்சம் இருக்கிறது. அண்ணை குடியரசுக் கட்சிக்காரர். அந்த நாட்டில் போட்ட முதல் வாக்கிலிருந்தே அப்படித்தான்.

நான் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அது ஒப்புக்குச் சொன்ன ஓம் அல்ல. மொன்றியலில் பார்க் எக்ஸ்ரென்சனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வில்லரேப் பக்கம் நடந்தால் பூட்டிய கத்தோலிக்கக் கோவில்களைக் கடந்துதான் போகவேண்டும். ஒன்றில் பலிபீடம் இருந்த இடத்தில் சமையலறைகள் கட்டி, வீடுகளாகப் பிரித்து விற்றார்கள். அதைக் கடக்கும்போது சிலுவை போட்டுக்கொள்வேன். ஊரில் நான் ஆசிரியையாக இருந்தவள். எது சரி, எது பிழை என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது பெற்றவர்களின் கடமை என்று நம்பினேன். கருவில் இருப்பதும் பிள்ளைதான் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். நான் வேலை செய்த கார்டெறியில், சிறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அந்த நிலையத்தில், இப்படி ஏதாவது வாய்தவறிச் சொன்னால் மற்றப் பெண்கள் கண்ணால் பேசிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் மட்டும் நான் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கவில்லை.

என் மகளுக்கு அப்போது பதினேழு வயது. பல்கலைக்கழகத்துக்கு முன்னால் படிக்கும் சீஜெப்பில் சேர்ந்திருந்தாள். ஈராக் போர் தொடங்குவதற்கு முந்திய குளிர்காலத்தில் டவுன்டவுனில் நடந்த ஊர்வலங்களுக்குப் போய் மூக்குச் சிவந்து வந்தவள். போர் வேண்டாம் என்று பிரெஞ்சில் எழுதிய தாள் ஒன்றைத் தன் அறை ஜன்னலில் ஒட்டியிருந்தாள். போர் தொடங்கி இரண்டாவது இலையுதிர்காலமும் வந்துவிட்டது. அந்தத் தாள் வெயிலில் மஞ்சளாகிப்போய் அங்கேயே இருந்தது.

அந்த வருடம், ஞாயிறு அல்லாத ஒரு நாளில் அண்ணை எடுத்தார்.

"பிள்ளை, பெடியன் ஆமியில சேர்ந்திட்டான்."

எங்கள் வீட்டில் ஆமி என்ற சொல்லுக்கு ஒரு பொருள்தான்: ஊரில் எங்களை அடித்த இராணுவம். அண்ணையைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோய், முதுகை உடைத்து அனுப்பியது ஆமி. அதன் பிறகுதான் அவர் நாட்டை விட்டு ஓடினார். நான் பின்னால் வந்தேன், கைப்பிள்ளையோடு பதுங்குகுழியில், பங்கருக்குள், இருந்து பழகிய பிறகு. இப்போது அதே சொல்லை அண்ணை பெருமையோடு சொன்னார். பெடியன் என்றது அவருடைய ஒரே மகனை. அங்கே பிறந்தவன். சின்ன வயதில் இங்கே வரும்போதெல்லாம் புட்டுக்குக் கெச்சப் கேட்டு, "மாமி, கொஞ்சம் கூடவா ஊத்துங்கோ" என்று சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுவான். பயிற்சி முடித்து, கிறிஸ்துமஸ் கழிந்ததும் அவனை ஈராக்குக்கு அனுப்புவார்கள் என்றார்.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். மாதாவின் சுரூபம் ஒவ்வொரு மாலையும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் போகும். எங்கள் முறை வந்தபோது அண்ணை காரில் தனியே வந்தார். மகனுக்காக எங்கள் வீட்டில் மாதாவுக்கு முன்னால் மன்றாட வேண்டும் என்று வந்தார். காரின் பின்பக்கத்தில், துருப்புகளை ஆதரியுங்கள் என்று எழுதிய மஞ்சள் நாடாக் காந்தம் ஒட்டியிருந்தது. என் கணவர் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"மச்சான், உதைப் பாத்து எங்கட தெருவில கனபேர் உனக்கு வணக்கம் சொல்லுவினம். ஒற்றை விரலால."

"சொல்லட்டும். எனக்கும் விரல் இருக்கு" என்றார் அண்ணை. எல்லோரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள்.

மாதா வரும் நாள் காலை அண்ணையோடு ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். பீடத்துக்குப் பூவும் வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பழமும் வாங்க வேண்டியிருந்தது. அங்கே அப்பிளைச் சிறு கூடைகளில் நிரப்பி வைத்திருப்பார்கள், கூடைக்குத்தான் விலை. அண்ணை ஒரு கூடையிலிருந்து அடிபட்ட பழங்களை எடுத்துவிட்டு, வேறு கூடையிலிருந்து நல்லதாகப் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரன் பிரெஞ்சில் ஏதோ சொல்லி அவருடைய கையைத் தடுத்தான்.

"என்னவாம்?"

"பொறுக்கக்கூடாதாம் அண்ணை. கூடையோட எடுக்கோணுமாம்."

அண்ணை சிரித்துக்கொண்டே பழங்களைத் திரும்ப வைத்தார். காருக்கு நடக்கும்போது, மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் சொல்லுற மற்றதெல்லாம் எனக்கு ஒத்துப்போகுது. உந்தச் சண்டை மட்டும் ஏன் எண்டு விளங்கேல்லை. அதுவும் எங்கட பிள்ளையை அனுப்பி."

"நான் ஆமிக்குப் பயந்து ஓடினவன் பிள்ளை. அதாலதான் சொல்லுறன். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆமியை நான் அங்க போய்த்தான் கண்டனான். என்னை உள்ள எடுத்து, சோறு தந்து, வேலை தந்து, கோவிலுக்குப் போறியோ, போ எண்டு விட்ட நாடு. அதை அடிக்க வாறவங்கள் இருக்கிறாங்கள். மற்றவன்ர பிள்ளை போய்ச் சாகட்டும், என்ர பிள்ளை கணக்கியல் படிக்கட்டும் எண்டோ?" கொஞ்சத் தூரம் நடந்து, கையிலிருந்த பையைத் தூக்கிக் காட்டினார். "அவன் சொன்னதுதான். கூடையோட எடுக்கோணும். நல்லதை மட்டும் பொறுக்கேலாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தின் முடிவில் கெச்சப் கேட்ட பிள்ளை நின்றான்.

மாலையில் வீடு நிறைய ஆட்கள். கட்டிலைக்கூடச் சுவரோடு நிமிர்த்திவைத்து நிலத்தில் சீலை விரித்திருந்தோம். செபமாலையும் பிரார்த்தனையும் முடிந்து மன்றாட்டு நேரம் வந்தது. யார் எதை மன்றாடினாலும் கடைசியில் "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்று முடிக்க வேண்டும்; உடனே வீட்டுக்காரி "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எடுத்துக் கொடுப்பாள், எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். அன்று வீட்டுக்காரி நான்.

அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். எங்களுக்கு அடைக்கலம் தந்த நாட்டுக்காகவும், அதை நடத்தும் ஜனாதிபதிக்காகவும், தீமையை எதிர்த்துப் போராடும் வீரர்களுக்காகவும், அவர்களில் ஒருவனாகப் போகும் தன் மகனுக்காகவும், அவர்கள் வெற்றியோடு திரும்ப வேண்டும் என்றும். நான் எடுத்துக் கொடுத்தேன். அறை முழுவதும் பதில் சொன்னது. மகளின் வாய் மட்டும் அசையவில்லை. அதை நானும், கண்ணைத் திறந்த அண்ணையும் கண்டோம்.

பிறகு அவள் தொடங்கினாள். அவள் மன்றாட்டுச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஈராக்கில இருக்கிற பிள்ளையளுக்காக. அம்மா என்னை பங்கருக்குள்ள வச்சிருந்த மாதிரி அங்கயும் அம்மாமார் வச்சிருக்கினம். அவையளுக்கு மேல குண்டு போடுறவை நிப்பாட்டோணும் எண்டு... அவ்வளவுதான்."

வழக்கமான முடிவு அதில் இல்லை. ஒருவரும் பதில் சொல்லவில்லை. முடிந்துவிட்டது என்று தெரியாமல் இருந்தார்களோ, தெரிந்தும் இருந்தார்களோ, எனக்குத் தெரியாது. அந்த மௌனத்துக்குள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஒரு குரல் தனியாகக் கேட்டது. அது என்னுடையது. வீட்டுக்காரி என்ற பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. என் குரல் என் காதில் விழுந்த பிறகுதான், யாரும் சேரவில்லை என்பது உறைத்தது.

செபம் நடத்தவந்த அக்கா, "பிள்ளை, தேத்தண்ணியை ஊத்துவமே" என்று எழும்பினா. வந்தவர்கள் ரோல்சை அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த குசினியின் வாசலில் அண்ணை வந்து நின்றார்.

"என்ர பிள்ளைக்கு எதிரா நீயும் மன்றாடினனி, என்ன?"

"ஐயோ அண்ணை, அவள் பிள்ளையளுக்காகத்தானே சொன்னவள். எனக்கு வாய்ப் பழக்கத்தில வந்திட்டுது."

"வாய்ப் பழக்கமோ? அப்ப எனக்குச் சொன்னதும் வாய்ப் பழக்கம்தானோ? இவ்வளவு காலமும் போனில சொன்ன ஓமும்?"

என் கணவர் அவரைத் தோளில் பிடித்து இருத்தப் பார்த்தார். அண்ணை இருக்கவில்லை. மறுநாள் விடிய, தேநீரும் குடிக்காமல் காரை எடுத்தார்.

மகள் வந்து பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "அம்மா, நீங்கள் என்ர பக்கம் நிண்டதே எனக்குக் காணும்" என்றாள். நான் எந்தப் பக்கமும் நிற்கவில்லை என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. அதன் பிறகு அவள் என்னோடு புதிதாகக் கதைக்கத் தொடங்கினாள்; கலியாணச் சட்டத்தை மாற்ற வேண்டும், கருக்கலைப்பு பெண்ணின் உரிமை, எல்லாம்.

"அது வேற, இது வேற பிள்ளை" என்றேன் ஒருநாள்.

"வேறயில்லை அம்மா. ஒண்டு விளங்கினா மற்றதும் விளங்கோணும். எல்லாம் ஒண்டுதான்."

சந்தையில் அண்ணை தூக்கிக் காட்டிய பைதான் எனக்கு நினைவு வந்தது.

நவம்பரில் அமெரிக்கத் தேர்தலில் அண்ணையின் ஆட்கள் வென்றார்கள். எனக்கு உள்ளூர ஆறுதலாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. தாயின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காகப் பேசுகிறவர்கள் வென்றார்கள் என்று ஒரு மனம் சொன்னது. அண்ணையின் பெடியன், என் மருமகன், நிச்சயமாகப் போகத்தான் போகிறான் என்று மற்ற மனம் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். அடிக்கவில்லை. நானே எடுத்தால் அண்ணையின் மனைவி, மச்சாள், "அவர் குளிக்கிறார்", "அவர் படுத்திட்டார்" என்பா. பெடியன் ஈராக் போய் இறங்கியதைக்கூட அவதான் சொன்னா. அதன் பிறகு செய்தியில் இறந்த வீரர்களின் படங்களைக் காட்டும்போதெல்லாம் எழும்பிப்போய்த் திரைக்குக் கிட்ட நிற்பேன். எங்களுடைய நிறத்தில் ஒரு முகம் வராமல் அந்த வரிசை முடிந்தால், செத்த மற்றப் பிள்ளைகளுக்காக அழக்கூடத் தோன்றாமல் சமைக்கப் போய்விடுவேன்.

அடுத்த ஒக்டோபரில் மாதா திரும்பவும் எங்கள் வீட்டுக்கு வந்தா. மருமகன் அப்போதும் அங்கேதான் இருந்தான். வரவேண்டிய காலம் தள்ளிப்போய்விட்டது. மன்றாட்டு நேரத்தில் நான் தொடங்கினேன். "என் அண்ணையின் மகனுக்காக" என்றேன். வெற்றி என்று சொன்னால் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். போர் நிற்க என்று சொன்னால் அண்ணை இல்லாத இடத்தில் அவருக்கு எதிராகச் சொன்னதாகிவிடும். பத்திரமாக என்ற சொல்லைக்கூட, அங்கே உள்ள தாய்மாரை நினைத்துச் சொல்ல நா எழவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். எல்லோரும் முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று மகள் எடுத்துக் கொடுத்தாள். அக்காவும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஆட்கள் போனதும் நியூ ஜெர்சிக்கு எடுத்தேன். அன்று அண்ணையே எடுத்துவிட்டார்.

"அண்ணை, இண்டைக்கு மாதா இஞ்ச வந்தவா. பெடியனுக்காக மன்றாடினனாங்கள்."

"ஆர் சொன்னது?"

"நான்தான். அவள்தான் பதில் எடுத்துக் குடுத்தவள்."

அவருடைய வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் பக்கத்துக்கு?" என்று கேட்டார்.

"பிள்ளைக்கு அண்ணை. பிள்ளைக்கு மட்டும்தான்."

"சரி" என்றார். ஆனால் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இரண்டு பேரும் அந்தச் செய்தி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.