வேர்ப்பொந்தில் ஒரு சம்படம்

தொலைக்காத சாமானைத் தேடித் திரியும் ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு குடித்தனமே நடத்துகிறேன்.

என் வீட்டுக்காரர் கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே வந்துபோன வெளிநாட்டுக் கப்பல் அதிகாரி ஒருவர் இந்த விளையாட்டைப் பற்றி எப்போதோ சொல்லியிருக்கிறார். அப்போது கேட்டுவிட்டுச் சும்மா இருந்த மனுஷன், ஓய்வு பெற்ற கையோடு அதைப் போனில் இறக்கிக்கொண்டார். விஷயம் இதுதான். யாரோ ஒரு சின்ன டப்பாவைப் பூங்காவில் ஒளித்து வைப்பார்கள். அது இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைப் போனில் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் போன் காட்டுகிற அம்புக்குறி பின்னாலேயே போய்க் கண்டுபிடிக்க வேண்டும்.

"கண்டுபிடிச்சா எடுத்துக்கிடலாமா?" என்று கேட்டேன்.

"கூடாது. இருந்த இடத்துலயே திருப்பி வச்சிடணும்."

"உள்ளுக்க என்ன இருக்கும்?"

"ஒரு காகிதம். அதுல நம்ம பேரை எழுதணும்."

"எழுதுனா?"

"எழுதினா எழுதினதுதான்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இதே கேள்விகளைப் பிறகு பலமுறை வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். பதில் மாறவே இல்லை.

இது ஒரு பக்கம் இருக்க, ஊருக்குப் போகும் பேச்சு இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பாளையங்கோட்டையில் பிறந்து கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்தவள். இவர் தமிழர்தான், ஆனால் இங்கே பவானிபூரிலேயே பிறந்தவர். கனவில்கூட வங்காளத்தில்தான் உளறுவார். இவர் ஓய்வு பெற்றதும் ஊரோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நான் வெகுகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் இருக்கும் என் தங்கை, அவள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு பார்த்துவிட்டாள். கீழ் வீடு, நல்ல தண்ணீர், கோயில் பக்கம். தைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இவரிடம் சொன்னபோது "ஆகட்டும்" என்றார். இவர் எதற்கும் ஆகட்டும் என்பவர்தான். கத்தரிக்காய் வாங்கட்டுமா என்றாலும் அதே ஆகட்டும்தான்.

டப்பா தேட இவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், பயம். காதல் ஜோடிகள் குடையை விரித்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலைக்காரர் குனிந்து துழாவினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் பக்கத்தில் பையோடு நின்றால் குடும்பஸ்தர் என்றாவது தெரியும். அப்படித்தான் லேக் என்று இங்கே எல்லோரும் சொல்லும் ஏரிப் பூங்கா, பவானிபூர்ப் பூங்காக்கள், மைதானத்து ஓரம் என்று நானும் சுற்ற ஆரம்பித்தேன்.

அந்த அம்புக்குறி இருக்கிறதே, அதைப்போல ஒரு கோட்டிக்காரப் பயலை நான் பார்த்ததில்லை. மரத்தடிக்குப் போனால் அதற்குப் புத்தி பேதலித்துவிடும். இந்தப் பக்கம் என்று காட்டும், நாலு எட்டு வைத்ததும் வந்த வழியையே திருப்பிக் காட்டும். ஒரு நாள் நேராகக் குளத்துக்குள் போகச் சொன்னது. இவரோ அதைத் திட்டவே மாட்டார். "மேல இலை அடர்த்தியா இருக்கும்மா, அதான் தடுமாறுது" என்று அதற்காகப் பரிந்து பேசுவார். அந்தப் பரிவில் கால்வாசி என் மூட்டுவலிக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு விதியும் உண்டு. தேடுவது மற்றவர்கள் கண்ணில் படக் கூடாதாம். கல்கத்தாவில் அது நடக்கிற காரியமா? இந்த ஊரில் ஒருவர் குனிந்தால் பத்துப் பேர் கூடக் குனிவார்கள். கோடையில் ஒரு காலை லேக்கில் இவர் ஒரு சிமெண்டு பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துப் புல்வெளியில் சிரிப்புச் சங்கத்தார் கையைத் தூக்கி ஹாஹா என்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் சேலையுமாக ஒரு பெரிய அம்மாள் கிட்டே வந்து, "கீ ஹாராலோ, பௌதி?" என்றார். அண்ணி, என்ன தொலைந்தது என்று கேட்கிறார். எனக்குப் பதற்றத்தில் வாயில் வந்தது கம்மல்தான். கம்மல் என்று சொன்னதுதான் தாமதம், சங்கம் மொத்தமும் புல்லில் இறங்கிவிட்டது. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலாலேயே தடவிப் பார்த்தார். காவலாளி விசில் ஊதி, நடக்கிறவர்களை ஓரமாகப் போகச் சொன்னார். என் இரண்டு காதிலும் கம்மல் இருந்தது. அட கடவுளே, முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு வெயிலில் நின்றேன். ஒருத்தருக்குமா என் காதைப் பார்க்கத் தோன்றவில்லை? இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் என்னை எப்போது பார்த்தாலும், கம்மல் கிடைத்ததா என்று கேட்காமல் விடமாட்டார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். "பாபே, பாபே" என்று என் தோளைத் தட்டுவார். கிடைத்துவிடும், கிடைத்துவிடும்.

கார்த்திகை பிறந்ததும் நான் பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கினேன். எதை ஊருக்கு எடுத்துப் போவது, எதை இங்கேயே கொடுத்துவிடுவது என்று பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு சம்படம் குறைந்தது. என் கல்யாணச் சீரில் வந்த மூடி போட்ட சின்ன எவர்சில்வர் சம்படம் அது. நம் ஊர் வழக்கப்படி அதன் பக்கவாட்டில் என் பெயரின் முதலெழுத்தும், அடியில் பாளையங்கோட்டை என்றும் தமிழில் வெட்டியிருக்கும். வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். இவரிடம் கேட்டதற்கு, "எங்கயாவது இருக்கும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் எதைக் கேட்டாலும் சொல்லும் பதில்தான், அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, லேக் மார்க்கெட் பக்கம் இட்லிக்கடை போட்டிருக்கும் அண்ணாச்சி எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் கையிலிருந்த துணிப்பையிலிருந்து என் சம்படம் வெளியே வந்தது.

"இது ஒங்க வீட்டு ஏனம்தானக்கா? காலைல லேக்ல நடக்கப் போனேன். ஒரு மரத்து வேருக்குள்ள என்னமோ மினுங்குச்சு. எடுத்துப் பாத்தா நம்ம எழுத்து! பாளையங்கோட்டைன்னு வேற போட்டிருக்கு. இந்த ஊர்ல பாளையங்கோட்டைக்காரங்க ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

"அது எப்படி அங்கன போச்சு?"

"எனக்கு என்னக்கா தெரியும்? நம்ம ஊர் ஏனம் கேக்க நாதியில்லாம கெடக்கேன்னு மனசு கேக்கல, எடுத்துட்டு வந்துட்டேன்."

வேறு யார் பார்த்திருந்தாலும் தொடாமல் போயிருப்பார்கள், இல்லாவிட்டால் வெடிகுண்டு என்று போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். பேர் வெட்டின பாத்திரம் என்றால் பேருக்குரிய வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் நம் ஆட்களுக்குத்தான் வரும். அண்ணாச்சிக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் குட்டிப் பென்சிலும் மடித்த வெள்ளைக் காகிதமும் இருந்தன. காகிதத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

எனக்கு உண்மையிலேயே ஒன்றும் ஓடவில்லை. மற்றவர்கள் ஒளித்த டப்பாவைத் தேடுகிற ஆள், தன் வீட்டு டப்பாவைக் கொண்டுபோய் ஒளிப்பானேன்? அதுவும் நான் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தேடுவதைத் தெரிந்துகொண்டே? சம்படத்தை அலமாரியில் எடுப்பாகத் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

சாயங்காலம் இவர் முழங்காலில் மண்ணோடு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. அலமாரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? அது தன்னால நடந்து வந்துச்சு! என் சீர்ச் சாமானைக் கொண்டுபோய் மரத்தடியில வச்சிருக்கியளே, ஒங்களுக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு?"

பிறகு அண்ணாச்சி வந்த கதையைச் சொன்னேன். இவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதுவரைக்கும் அந்தக் காகிதத்துல ஏன் ஒருத்தரும் பேர் எழுதல?" என்று கேட்டேன்.

"இன்னும் யாருக்கும் அது தெரியாது. நாம ஒளிச்சா, இந்த விளையாட்டை நடத்துறவங்க சரி பார்த்துதான் போன்ல போடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டிருக்காங்க."

"என்ன கேள்வி?"

"ஒளிச்சு வச்சவங்க பக்கத்துலயே குடியிருக்கணும். மழையில நனைஞ்சா காகிதம் மாத்தணும், காணாமப் போனா வேற வைக்கணும். ஊருக்கு வந்துட்டுப் போறவங்க வைக்கக் கூடாது. நீங்க தொடர்ந்து இங்கதான் இருப்பீங்களான்னு கேட்டிருக்காங்க."

"நீங்க என்ன சொன்னிய?"

"இன்னும் பதில் போடல."

"ஏன்?"

"பொய் எழுத முடியாது இல்லம்மா. நாமதான் போறோமே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போக இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லுததுக்கு என்ன? ஆகட்டும் ஆகட்டும்னு சொல்லிட்டு, மரப்பொந்துல போயா சொல்லுவாக ஒரு மனுஷன்?"

"நீ அவ்வளவு ஆசையா இருந்த."

"ஒங்க ஆசை என்னன்னு கேக்கேன்!"

இவர் சம்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குப் போக வேண்டாம்" என்றார். என் கல்யாண வாழ்க்கையில் இவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வேண்டாம் அதுதான். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமா, இவர்மேல் இரக்கமா, தங்கையிடம் என்ன சொல்வேன் என்ற பயமா என்று எனக்கே பிடிபடவில்லை. சமையலறைக்குள் போய் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். இவர் அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை நானே சம்படத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்க" என்றேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். எதற்காகப் போகிறோம் என்பது எனக்கே தெளிவாக இல்லை. அது இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்பதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. காளிகாட் வழியாக ஆட்டோவில் போய் இறங்கினோம்.

லேக் ஓரமாக ஒரு பெரிய மரம். நான் மூச்சு வாங்கினால் சாய்ந்து நிற்கும் மரம். அதன் வேர்ப்பொந்தைக் காட்டினார். நல்ல இடம்தான், மழைத்தண்ணீர் நேராக விழாது. ஆனால் மூடி வெளியே தெரியும்படி வைத்திருந்திருக்கிறார். அண்ணாச்சி கண்ணில் படாமல் என்ன செய்யும்? "சாமான் வைக்கத் தெரியுதா ஒங்களுக்கு?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, சம்படத்தை எழுத்து தெரியாதபடி உட்பக்கம் தள்ளி வைத்து, முன்னால் சருகை இழுத்து மூடினேன். மூடிவிட்டு நிமிர முடியாமல் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

பின்னால் ஒரு குரல் கேட்டது. "துல் பேலே, பௌதி?" சிரிப்புச் சங்கத்து அம்மாள்தான். கம்மல் கிடைத்ததா என்று கேட்டபடி, பதிலுக்குக் காத்திராமல் என் பக்கத்திலேயே மண்ணைப் பார்க்கக் குனிந்துவிட்டார். கோடையில் தொலையாத கம்மலை இந்த மனுஷி குளிர்காலம் வரைக்கும் தேடிக்கொண்டிருக்கிறார். பாளையங்கோட்டையில் எனக்குத் தங்கை இருக்கிறாள், நல்ல தண்ணீர் இருக்கிறது. இப்படி ஒரு கிறுக்கு அங்கே யார் எனக்குக் கிடைப்பார்கள்? அவரை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தி, கிடைத்துவிட்டது என்று சொல்லிக் காதைக் காட்டினேன். அவர் சத்தம் போட்டுச் சங்கத்தையே கூப்பிட்டு அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவர்கள் போனபிறகு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"போன எடுங்க. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்க."

"என்னன்னு எழுத?"

"இங்கனதான் இருக்கோம், நாங்க பாத்துக்கிடுதோம்னு எழுதுங்க." உடனே எனக்குப் பயம் வந்துவிட்டது. "ரெண்டு வருசத்துக்குன்னு சேத்து எழுதுங்க. அப்புறம் பாத்துக்கிடலாம்."

"ஆகட்டும்" என்றார்.

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் சொன்னதில் முதல் பாதி அப்படியே வந்தது. அங்கே நிறுத்தி, அனுப்பிவிட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

"சரியா இருக்கா பாரு" என்றார்.

"கண்ணாடி கொண்டு வரலங்க" என்றேன். அது என் மூக்கின்மேல்தான் இருந்தது.