வராதவர்களைத் தேடிய மருத்துவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மறுபரிசோதனைக்கு வந்திருந்த ஒருவரின் கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார் செவிலியர் ஸ்டெல்லா. அவருடைய கைப்பேசி ஒலித்தது. எடுத்துக் கேட்டவர், "சரிங்க" என்று மட்டும் சொன்னார். பட்டையில் காற்றை ஏற்றி, அழுத்தத்தைப் பார்த்து, சீட்டில் எழுதி அந்த மனிதரை அனுப்பிவைத்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "சார், அம்மா போயிட்டாங்க" என்றார். வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "எந்த அம்மாங்க?" என்றார். கேட்டவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. தலைத் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் பேச்சியம்மாள் பல மாதங்களாகப் புற்றுநோயோடு இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் யாரும் அந்தச் செய்திக்கு ஆயத்தமாக இல்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். தென்மாவட்டத்திலிருந்து பனியன் வேலைக்குத் திருப்பூர் வந்த குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் செக்கிங் பிரிவில், தைத்து வந்த பனியன்களில் குறை பார்க்கும் வேலையில் இருந்தார். மகள் இதய மருத்துவராகி, நம் ஊர் அறக்கட்டளை மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தார். மாரடைப்பிலிருந்து பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள், நாம் தந்த கவனிப்பில் எது அவர்களுக்கு உதவியது, எது உதவவில்லை என்று ஆராய்வது அவருடைய வேலையில் பாதி.

பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நான் அவரிடம் முதலில் போனது நோயாளியாக. "எப்படி இருக்கீங்க சார்?" என்றார். "நல்லா இருக்கறனுங்க." "மூச்சு வாங்குதா?" "அதெல்லாம் இல்லீங்க." எழுதிக்கொண்டார். நான் எழுந்து கதவுக்குப் போவதற்குள் மூச்சுக்காக இரண்டு முறை நின்றேன். அவர் பார்த்துவிட்டார்.

"என்ன சார், வாத்தியாரே பொய் சொல்லுதீங்க?"

பொய் இல்லை, மரியாதை என்றேன். எங்கள் பக்கத்தில் டாக்டரிடம் போய்ச் சுகமில்லை என்றால் அவருடைய வைத்தியத்தைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும். விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று யார் சொல்வார்கள்?

"அப்போ என் ஆராய்ச்சி முச்சூடும் வெறும் மரியாதைதானா சார்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டுக்குப் போன நோயாளிகளைத் தொலைபேசியில் விசாரிக்க ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் போதும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. "நல்லா இருக்கீங்களான்னு கேக்கவே கூடாது. இன்னைக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்து என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க." அது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஓர் உதாரணம். நலமாக இருப்பதாகச் சொன்ன ஒரு டெய்லர், இந்தக் கேள்வியைக் கேட்டதும், குழாயடிக்குப் போய்வர வழியில் உட்கார வேண்டியிருந்ததையும், குடத்தை மனைவி வாங்கிக்கொண்டதையும் ஒரு கதைபோலச் சொன்னார். அது நோய் என்று அவர் நினைக்கவே இல்லை. அன்று மாலையே டாக்டர் அவரை வரவழைத்துவிட்டார்.

ஆனால் பலர் தொலைபேசியை எடுக்கவில்லை. பலருடைய எண்ணே மாறியிருந்தது. இதை அறங்காவலர்கள் கூட்டத்தில் அவர் சொன்னபோது நானும் இருந்தேன். அறங்காவலர்கள் எல்லோரும் பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள். அவர்களில் மூத்தவர் கேட்டார்.

"ஏனுங்கம்மா, வந்தவங்க எல்லாம் நல்லாத்தானுங்களே இருக்கறாங்க. வராதவங்களும் நல்லாத்தான் இருப்பாங்க, அதனாலதான் வரலை. அவங்கள விட்டுப்போட்டு எழுதுங்க."

"அய்யா, துணியத் துவைச்சுப் பாக்காம கப்பல்ல ஏத்துவீங்களா?"

"அதெப்படீங்க? சுருங்கிப்போச்சுன்னா?"

"நாம டிஸ்சார்ஜ் பண்ணுதது பேக்கிங் மாதிரிதான் அய்யா. வீட்டுக்குப் போன பொறவுதான் துவைக்கவே ஆரம்பிக்காவ."

மற்றவர்கள் சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. "சுருங்குன சரக்குன்னு நம்ம பேரையே ஊருக்குக் காட்டோணுமாக்கும்? விட்டுப்போட்டு எழுதறதுன்னா எழுதுங்க. இல்லீன்னா ஆராய்ச்சியே வேண்டாமுங்க."

"மொதல்ல தேடிப் பாக்கேன் அய்யா" என்று சொல்லி டாக்டர் எழுந்துகொண்டார்.

தேடப்போன நாளில் நானும் கூடச் சென்றேன். வரிசை வீடுகள் கொண்ட ஒரு காம்பவுண்டில், பனியன்களுக்கு இஸ்திரி போடும் வேலையில் இருந்த சுடலைமுத்துவின் வீடு. அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி எங்களைப் பாயில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரியில ராசா மாதிரி பாத்தாவ டாக்டர். ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். மாத்திரையைப் பற்றிக் கேட்டோம். "குடுத்ததெல்லாம் தின்னாவ. மாத்திரை தீந்துட்டு. நோவும் தீந்துட்டுன்னு நெனச்சோம். செவ்வாக்கெழமை வரச் சொன்னீங்க. கப்பலுக்குச் சரக்கு போற நேரம், எப்படி லீவு கேக்க?"

"அவரு போயிட்டாருன்னு எங்கள்ட்ட யாரும் சொல்லலியேம்மா."

"யாரும் கேக்கலியே டாக்டர்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. டாக்டர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார். வெளியே வந்து வண்டியைத் தொட்டுக்கொண்டு நின்றவர் சொன்னார்: "அடைப்ப எடுத்தது நான்தான் சார். கச்சிதமா எடுத்தேன். செவ்வாக்கெழமைன்னு சீட்டுல போட்டதும் நான்தான்."

அதற்குப் பிறகும் அவர் பல வீடுகளுக்குப் போனார். சில வீடுகளில் ஆள் நலமாக இருந்து எங்களைப் பார்த்துக் கூச்சப்பட்டார். சில வீடுகளில் மாலை போட்ட படம் இருந்தது. அடுத்த கூட்டத்தில் அவர் குரலை உயர்த்தவில்லை. சுடலைமுத்துவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, "இவரை விட்டுட்டு என்னால எழுத முடியாது. வேண்டாம்னா நான் வேற எடம் பாத்துக்கிடுதேன்" என்றார். மூத்தவர்தான் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம தொறந்து வெச்சா வருவாங்களாங்க?"

"தெரியாது அய்யா. தொறந்தாத்தான் தெரியும்."

இப்படித்தான் நம் ஞாயிற்றுக்கிழமை இதயப் பிரிவு தொடங்கியது. ஆய்வும் இறந்தவர்கள், வராதவர்கள் எல்லோரையும் சேர்த்து, மருத்துவமனையின் பெயரோடு வெளிவந்தது. உடன் வேலை செய்த ஒரு மருத்துவர் அதற்காக அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அது அவருக்கு வருத்தம்தான். ஆனாலும், "அவரு கோவிச்சுக்கிடட்டும் சார், ஞாயித்துக்கெழமை பெஞ்சு நிறையுதுல்லா" என்பார்.

கடைசியாக அவரைப் பார்த்தது அவருடைய வீட்டில். வற்றிப்போயிருந்தார். காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "நம்ம கேள்விய எங்கிட்டயே போடுதீங்களா?" என்று சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "பல்லு தேய்க்கப் போனேன். பாதியில உக்காந்துட்டேன். இன்னைக்கு அவ்வளவுதான் சார்." பிறகு, "எனக்கு ஒண்ணுதான் பயம். ஆளுக மாத்திரைக்காக வரலை, என்னைப் பாக்கத்தான் வாராவ. நான் போனா வராம இருந்துருவாவ" என்றார்.

அவர் பயந்ததுபோலவே ஆகிவிட்டது. அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு பெஞ்சுகளில் பாதி காலி. வராதவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். குன்னத்தூரிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் கட்டிங் மாஸ்டர் பழனிசாமி சொன்னார்: "அம்மா இல்லாத எடத்துக்கு எப்படீங்க வர்றது? மனசு வரமாட்டேங்குதுங்க." மாத்திரை தீர்ந்து நான்கு நாளாகியிருந்தது. அது அன்புதான், எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் தேடிய ஆட்களின் வரிசையில் அந்த அன்பு இன்னொருவரைச் சேர்த்துவிடும்.

டாக்டரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது ஒன்றுதான். வராதவர் நலமாகத்தான் இருப்பார் என்று எண்ணி என்னால் வீட்டில் உட்கார முடிவதில்லை. அன்று மாலையே பழனிசாமி வீட்டுக்குப் போனேன்.

"அம்மாவுக்காக அழுவறீங்க, சரி. மாத்திரைய எதுக்குங்க நிறுத்துனீங்க?"

"நல்லாக் கேளுங்க சார்" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "நான் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறாரு."

பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வரும் ஞாயிறு நானே வந்து அழைத்துப்போகிறேன் என்றேன்.

"ஐயோ, நீங்க எதுக்குங்க அலையறீங்க? நானே வந்தர்றனுங்க" என்றார் அவர், கையைக் கட்டிக்கொண்டு.

மரியாதைக்குச் சொல்கிறார் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.