உறவு: மாமா

கேமராவை மேசைமேல் வைத்து, லென்ஸை மூடிவிட்டு, ஸ்டூடியோக்காரர் முதலில் நீட்டுவது ஒப்புதல் காகிதத்தை. "படிங்க. அப்புறம் கையெழுத்து. அப்புறந்தான் படம்." பாஸ்போர்ட் படத்துக்குக் குழந்தையைத் தூக்கிவந்த அப்பாக்கள் விழிப்பார்கள். "வீட்டை எழுதிக் குடுக்கற மாதிரி இருக்கே!" என்று ஒருவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. அப்பா கையெழுத்திட்டபின், முட்டிபோட்டுக் குழந்தையிடமும் கேட்பார்: "கண்ணு, எடுக்கட்டுமா?" அது மாட்டேனென்று தலையாட்டினால், லென்ஸ் மூடியை விரலால் அழுத்திக் காட்டுவார். மூடியாயிற்று, பயப்படாதே என்று அர்த்தம். வந்த வியாபாரம் அப்படியே திரும்பிப் போகும்.

தெருவில் அவருக்குப் பெயர் 'கையெழுத்து'. "காபியில சர்க்கரை போடறதுக்கும் ஃபார்ம் நீட்டுவார்" என்பாள் மனைவி. கேலிதான், ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அந்தச் சூடு பட்ட கதை அவளுக்குத் தெரியும்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம் படங்களை நன்கொடையாகக் கேட்டது. அள்ளிக் கொடுத்தார். கொடுக்கிற கைக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிடுகிறது. அவற்றில் ஒன்று, ஸ்டூடியோவுக்குக் கீழே தையற்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் பத்து வயது மகளுடையது. "மாமா, மாமா" என்று நாளெல்லாம் மாடிப்படியில் திரிந்தவள். இவர் வீட்டிலேயே மூன்றுமுறை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ருசியில் தட்டை நக்கியபோது எடுத்த படம். நிறுவனத்தின் படிவம் தெளிவாகவே கேட்டது: பதினெட்டு நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும், வழக்கு வந்தால் படம் கொடுத்தவரே பொறுப்பு. பன்னிரண்டு படி இறங்கினால் வேலை முடிந்திருக்கும். நம் வீட்டுப் பிள்ளைதானே என்று பாதுகாவலர் இடத்தில் தானே கையெழுத்துப் போட்டார்.

நான்கு மாதம் கழித்து அந்தப் பன்னிரண்டு படியையும் தையற்கடை அம்மாதான் ஏறிவந்தார், நான்காக மடித்த சுவரொட்டியோடு. தட்டை நக்கும் மகள். கீழே, 'இவள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.'

"எம்பொண்ணுக்கு நான் சோறு போடலைன்னு ஊரெல்லாம் ஒட்டிட்டீங்களேண்ணே."

நிறுவனத்தைக் கேட்டால், ஒப்புதல் காகிதத்தில் இவர் கையெழுத்து இருக்கிறது என்றார்கள். "என்மேல கேஸ் போடுங்கம்மா" என்று இவரே கெஞ்சினார். "போட்டா அங்கயும் அந்தப் படத்தைத்தானே எடுத்துக் காட்டுவாங்க?" என்று சொல்லிவிட்டு அம்மா இறங்கிப் போனார். பள்ளியில் பிள்ளைகள் அவளைத் 'தட்டு' என்று கூப்பிட்டார்கள். அவள் மாடிக்கு வருவது நின்றது. அன்றிலிருந்து இவர் தையற்கடையைத் தலை குனிந்தே தாண்டுகிறார். வெட்கத்துக்கு எட்டு வருடம் ஒன்றும் பெரிய வயதில்லை.

இப்போது நகர நூலகம் பழைய படங்களைக் கேட்டிருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு படங்களைப் பிரித்து, குழந்தைகள் உள்ளவற்றுக்கு வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். மிஞ்சியது அந்தத் தட்டுப் படம் ஒன்றுதான். "அந்தப் பொண்ணுக்குத்தான் பதினெட்டு ஆயிடுச்சே, அவங்களே போட்டா போதும். நல்ல படம் சார்" என்றார் நூலகர். நல்ல படம்தான். அதைவிட, அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் தன் பழி கழுவப்பட்டுவிடும் என்ற நப்பாசை இவருக்கு. ஆசை வெட்கமறியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

நேற்றுக் காலை கேமராவைக் கழுத்தில் மாட்டியபடியே இறங்கினார். கடையில் அவள் யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். புதுப் படிவத்தை முழுக்கப் படித்தாள்.

"அப்போ குடுத்த பேப்பர் இருக்கா?"

நகல் இருந்தது. சட்டைப்பையை விட்டு அது என்றைக்கும் பிரிந்ததில்லை. மடிப்பில் கிழிந்திருந்ததை அவள் மெல்லப் பிரித்தாள். பாதுகாவலர் கையெழுத்து, அதன் பக்கத்தில், 'குழந்தைக்கு உறவு' என்ற இடத்தில், அவருடைய குண்டெழுத்தில் 'மாமா.'

அதில் சற்றுநேரம் விரலை வைத்திருந்தாள். பிறகு இரண்டு காகிதங்களையும் சேர்த்து அவரிடம் நீட்டினாள்.

"வேண்டாம் சார்."

அவர் தலையாட்டினார். கழுத்தில் தொங்கிய கேமராவின் லென்ஸ் மூடியை, அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது, அவள் பார்க்க இன்னொருமுறை விரலால் அழுத்தினார்.